23.45-ன்னா ராத்திரி பதினொன்னே முக்கால் இல்லை

பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு அமாவாசை நாள். வீட்டில் அப்பாயி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடாமல் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வரவேண்டிய சித்தப்பாவோ விழுப்புரம் தாண்டி பஸ் பஞ்சர் என்று போன் செய்துவிட்டார். அவர் வராமல் இலை போட முடியாது. அப்படியானால் அமாவாசை எத்தனை மணி வரைக்கும் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

"தம்பி, அந்தப் பஞ்சாங்கத்த எடுத்துப் பாருடா."

தம்பி என்பது பேரன். பி.காம். இரண்டாம் வருஷம். பஞ்சாங்கத்தை எடுத்தான். தேதிக்கு நேராக அமாவாசை 23.45 என்று போட்டிருந்தது.

"ராத்திரி பதினொன்னே முக்கால் வரைக்கும் இருக்கு அப்பாயி. சித்தப்பா மெதுவாவே வரட்டும்."

ரயில்வே டைம் தெரிந்த பையன், என்ன செய்வது!

சித்தப்பா வந்து சேர்ந்தபோது மணி நாலரை. இலை போட்டு, கற்பூரம் காட்டி, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு அப்பாயி கூரையைப் பார்த்து "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்த தாத்தா நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, அமாவாசதான் மூணே முக்காலுக்கெல்லாம் போயிருச்சே. இப்ப யாரைக் கூப்புடுற?"

அப்பாயி பேரனைத் திரும்பிப் பார்த்தார். "கணக்குதான் படிக்கிறானாம், கணக்கு!" அன்றைக்கு அந்த வீட்டில் பேரனுக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

என்ன தப்பு நடந்தது? ஒன்றல்ல, மூன்று.

முதல் தப்பு, அளவு. 23.45 என்பது 23 மணி 45 நிமிஷம் இல்லை. 23 நாழிகை 45 விநாடி. ஒரு நாளைக்கு 60 நாழிகை. அதனால் ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம்.

இரண்டாவது தப்பு, ஆரம்பம். கடிகாரத்துக்கு நாள் பிறப்பது நடுராத்திரியில். பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். அன்றைக்கு உதயம் காலை 6.10.

மூன்றாவது தப்பு, அந்தப் புள்ளி. அது தசமப் புள்ளியே கிடையாது. 60 விநாடி சேர்ந்தால்தான் ஒரு நாழிகை. ஆகவே 23.45 என்பது இருபத்துமூணே முக்கால் நாழிகை.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாழிகையை மணியாக்க 2-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். 23.75 × 2 ÷ 5 = 9.5. உதயத்திலிருந்து ஒன்பதரை மணி நேரம். 6.10-உடன் ஒன்பதரையைக் கூட்டினால் பிற்பகல் 3.40. திண்ணைத் தாத்தா பேப்பர் பேனா இல்லாமலே சொன்னது ஐந்து நிமிஷம்தான் பிசகு.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. பஞ்சாங்கத்து விநாடி வேறு, பள்ளிக்கூடத்தில் சொல்லும் விநாடி வேறு. பஞ்சாங்கத்து விநாடிக்கு விநாழிகை என்றும் பெயர். அது 24 செகண்ட். அதையும் 60-ஆகப் பிரித்தால் ஒரு தற்பரை, அதாவது 0.4 செகண்ட். ஒரே சொல் 24 மடங்கு வித்தியாசத்தில் இரண்டு வேலை பார்க்கிறது! குழப்பம் வேண்டாம் என்பதற்காக இதற்குமேல் செகண்ட் என்ற சொல்லே போதும்.

நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிஷம். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷம். இரண்டிலும் அதே 60, அதே 24. பெருக்கினால் அதே 1,440 நிமிஷம். சட்டையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்ட மாதிரி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் 23.45 யாரையும் ஏமாற்றாது.

பேரனுக்கு ரோஷம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டான். கீழ்நோக்கி நாழிகை, விநாடி, தற்பரை. மேல்நோக்கி நாள், ஆண்டு, யுகம். கலியுகம் 4,32,000 ஆண்டு. துவாபர யுகம் அதில் இரு மடங்கு, திரேதா மும்மடங்கு, கிருத யுகம் நான்கு மடங்கு. நான்கையும் கூட்டினால் கலியுகத்தைப் போல் பத்து மடங்கு: 43,20,000 ஆண்டு, ஒரு சதுர்யுகம். அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு கல்பம், 432 கோடி ஆண்டு.

பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 432 கோடி என்றால் என்ன? 0.4 செகண்ட் என்றால் என்ன? இரண்டும் வெறும் எண். 3.40 மணி என்றால் காக்காய் ஞாபகம் வருகிறது. 432 கோடி என்றால் எதுவும் ஞாபகம் வரவில்லை.

*

அப்பாயியைச் சமாதானப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் அவரைச் சாத்தனூருக்குக் கூட்டிப்போனான். பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர் பக்கம். கல்லாகிப்போன மரம் கிடக்கும் ஊர். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் இதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். இப்போது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். ஓடைப் பள்ளத்தில் 18 மீட்டருக்கு மேல் நீளமாக, விழுந்த கோலத்திலேயே கிடக்கிறது.

அந்தக் காலத்தில் கடல் இங்கே இருந்தது. இன்றைக்குக் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் கிழக்கே நூறு கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும். மேற்கேயிருந்த நிலத்தில் நின்ற மரம் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்தது. மரம் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக சிலிக்கா வந்து உட்கார்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நேற்று வெட்டிச் சாய்த்த மரம். தொட்டால் அம்மிக்கல்.

"இது எத்தன வருசத்து மரம்டா?"

"பன்னெண்டு கோடி வருசம் அப்பாயி."

அப்பாயி சந்தேகமாகப் பார்த்தார். "நாழிக் கணக்கா, மணிக் கணக்கா?"

அடி பட்ட இடத்திலேயே அடி! ஆனால் அடுத்து அவர் கேட்டது நியாயமான கேள்வி. "கோடி கீடியெல்லாம் எனக்குத் தெரியாது. எத்தன தலமொற, அதச் சொல்லு."

ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் 48 லட்சம் தலைமுறை. அப்பாயிக்குத் தன் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் தெரியாது. பேரனுக்கு அப்பாயியின் அப்பா பெயரே கேட்டுத்தான் தெரியும். நாலைந்து தலைமுறைக்கு மேல் பெயர் சொல்ல முடியாத இடத்தில் 48 லட்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதுவும் போக, மனிதனே இல்லாத காலத்தைத் தலைமுறையால் அளப்பது, தண்ணீரை முழக்கோலால் அளப்பது மாதிரி.

பேரன் வேறு வழியில் போனான். ஒரு ஆண்டை ஒரு செகண்ட் என்று வைத்துக்கொள்வோம் என்றான்.

அப்படியானால் 70 வயது வாழ்க்கை, ஒரு நிமிஷம் பத்து செகண்ட். பி.காம். படிப்பு முழுதும் மூன்று செகண்ட் (அரியர் வைத்தால் நாலு, அஞ்சு). பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்ததே, அந்தக் கலாட்டா எல்லாம் ஆறு செகண்டில் முடிந்த கதை. 1940-ல் இந்த மரத்தைப் பற்றி வெளியே தெரிந்து ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகரமாக்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகிறது. ஆயிரம் செகண்ட் என்பது 16 நிமிஷம் 40 செகண்ட். ஒரு நாழிகைகூட முழுசாக ஆகவில்லை! பஞ்சாங்கப்படி கலியுகம் பிறந்தது கி.மு. 3102-ல். அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்குள். மூன்றரை நாழிகை என்று சொல்லலாம்.

சரி, மரம்?

12 கோடி செகண்ட். ஒரு ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 15 லட்சம் செகண்ட். வகுத்தால் 3.8 ஆண்டு வருகிறது. மூன்று வருஷம் ஒன்பதரை மாதம்.

அதாவது சோழர் கால் மணி நேரத்துக்கு முந்தி. மகாபாரதக் கணக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தி. மரம் விழுந்தது, பேரன் ப்ளஸ் ஒன் சேர்வதற்கும் முன்னால் ஒரு நாள்.

அப்பாயிக்கு இது புரிந்தது. "ஒங்க தாத்தா போயி மூணே முக்கா வருசம் இருக்குமா?" என்று கேட்டார். ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அந்த மூன்றே முக்கால் வருஷத்தில் எத்தனை ராத்திரி, எத்தனை தடவை கதவைத் திறந்து மூடினோம், எத்தனை உலை வைத்தோம் என்று அவருக்குத் தெரியும். அதில் ஒவ்வொரு செகண்டும் ஒரு வருஷம் என்றதும் மரத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

எண்ணை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. மாற்றிக் கொண்டுபோய், கேட்பவர் வாழ்ந்து பார்த்த ஒரு காலத்தின் மேல் வைக்க வேண்டும்.

*

இங்கே ஒரு வேடிக்கை. பேரனுக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் தட்டுப்பட்டது.

பூஜை ஆரம்பிக்கும்போது குருக்கள் சங்கல்பம் சொல்வார். இன்ன கல்பம், இன்ன மன்வந்தரம், அதில் இருபத்தெட்டாவது கலியுகம் என்று தேசத்தையும் காலத்தையும் சொல்லி, கடைசியில் பெயர் நட்சத்திரத்துக்கு வந்து சேர்வார். ஒரு தபால் விலாசம் மாதிரி, பெரிய அளவிலிருந்து சின்ன அளவுக்கு இறங்குவது. அதன்படி நடப்பு மன்வந்தரத்தில் 27 சதுர்யுகம் முடிந்துவிட்டது: 11 கோடியே 66 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டு. இருபத்தெட்டாவதில் முதல் மூன்று யுகமும் முடிந்தது: 38 லட்சத்து 88 ஆயிரம். கலியில் ஐயாயிரத்துச் சொச்சம். கூட்டினால் 12 கோடியே 5 லட்சத்துச் சொச்சம்.

சாத்தனூர் மரத்துக்குச் சொல்லும் வயசும் சுமார் 12 கோடி!

இதை எடுத்து ஃபார்வர்டு மெசேஜ் போட்டால் ஒரே நாளில் ஊர் சுற்றி வந்துவிடும். பேரனுக்கும் கை பரபரத்தது. ஆனால் இது தற்செயல். ஒரு பக்கம் 4,32,000 என்ற எண்ணைப் பெருக்கிப் பெருக்கிக் கட்டிய கணக்கு. இன்னொரு பக்கம் பாறையில் உள்ள உயிர்ப்படிமத்தைப் பார்த்துச் சொல்லும் கணக்கு. அதுவும் 'சுமார்' என்ற சொல்லோடு வருவது. இரண்டு பேர் பையிலும் ஒரே தொகை இருந்தால் இரண்டு பேரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கினார்கள் என்று அர்த்தம் இல்லை. வவுச்சர் வேண்டும்.

2020-ல் குன்னம் பக்கம் ஏரியில் பெரிய உருண்டைகள் கிடைத்தபோதும் இப்படித்தான் டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, கடல் உயிரிகளைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டை என்றார்கள். முட்டை இல்லை என்றதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது. கரம்பைக் காட்டில் கடல் பிராணி கிடைத்ததே, அது போதாதா!

பாறைக்கு வவுச்சர் எது? அம்மோனைட் என்று ஒரு கடல் பிராணி. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்ட ஓடு. பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கத்து ஓடைகளில் இதன் படிமங்கள் உண்டு. இந்த இனங்கள் வேகமாக மாறிக்கொண்டே வந்ததால், எந்த வகை அம்மோனைட் இருக்கிறது என்பதை வைத்து அடுக்கின் காலத்தைச் சொல்லலாம். 1860-களில் பிளான்ஃபோர்டு இந்த வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்துப் பெயர் வைத்தார். உலகம் முழுக்கப் புவியியல் புத்தகத்தில் அரியலூர் பெயர் அப்படித்தான் ஏறியது. ஆனால் அப்போது எது முந்தி எது பிந்தி என்றுதான் சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டு என்பது கதிரியக்கத்தைக் கடிகாரமாக்கிய பிறகு வந்தது. வேறு தேசங்களில் இதே அம்மோனைட் இருக்கும் அடுக்குகளுக்கு இடையில் எரிமலைச் சாம்பல் இருந்தால், அதிலுள்ள தாதுக்களை அளந்து வயசு சொல்லிவிடலாம்.

அந்தக் கடிகாரம் ரொம்ப விசேஷமானது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். அது படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. நடுவில் வரும் படிகளில் ஒன்று பொலோனியம்-214. அது பாதியாகக் குறைய ஒரு செகண்டை ஆயிரமாகக் கூறு போட்டு, அதில் ஒரு கூறை ஆறாகப் பிரித்தால் வருமே, அவ்வளவு நேரம்தான். ஒரே குடும்பம். மூத்தவருக்கு 447 கோடி ஆண்டு, கொள்ளுப்பேரனுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கல்லின் வயசைச் சொல்லும் கடிகாரத்துக்குள்ளேயே ரொம்பப் பெரிய காலமும் ரொம்பச் சின்னக் காலமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

*

கண் இமைக்கும் நேரம் என்றதும் தமிழ் வகுப்பு ஞாபகம் வரும். கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. அப்படிப் பார்த்தால் பெரம்பலூர் ஆறு மாத்திரை, அரியலூர் ஐந்தரை மாத்திரை. இந்த அரை மாத்திரை வித்தியாசத்துக்காக இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போட வேண்டாம்.

கண் ஒரு தடவை இமைக்கக் கால் செகண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். கால் செகண்டில் என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது?

அடுத்த வாரம் அப்பாயிக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு துக்க வீடு. பேரனும் கூடப் போனான். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால் இன்னொன்று. சாலையோரத்து எருக்கஞ்செடிகூட வெள்ளை பூசிய மாதிரி நிற்கும். அரசு சிமெண்ட் ஆலை அரியலூரில் 1979-ல் வந்தது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் வந்துவிட்டன. காரணம் ஒன்றுதான்: அதே கடல். கடல் உயிரிகளின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து படிந்து இறுகியதுதான் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். சில அடுக்குகளில் வெறும் சிப்பியாகவே கிடக்கும்.

வெடி வைத்துக் கல் எடுக்கும் சுரங்கங்களில் எல்லாக் குழியையும் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் மில்லிசெகண்ட் கணக்கில் இடைவெளி விடுவார்கள். செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிசெகண்ட். 17, 25, 42 மில்லிசெகண்ட் என்று டெட்டனேட்டர் இணைப்புகள் விற்கின்றன. முதல் வரிசை விலகினால்தான் இரண்டாவது வரிசைக்கு விழ இடம் கிடைக்கும், சுற்றுவட்டார வீடுகளுக்கும் அதிர்ச்சி குறையும். அதற்குத்தான் இந்த இடைவெளி. வெளியே கேட்பவர்களுக்கு ஒரே ஒரு "டம்".

இப்போது ஒரு மாற்றுக் கணக்கு. கணக்குக்காக ஆயிரம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வீதம் சுண்ணாம்பு படிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். (இடத்துக்கு இடம், அடுக்குக்கு அடுக்கு இது மாறும்.) சுரங்கத்தில் ஒரு படிக்கட்டின் உயரம் 8 மீட்டர். அது படிய 1,60,000 ஆண்டு. 25 மில்லிசெகண்ட் இடைவெளியில் பத்து வரிசை வெடித்தால் ஏறக்குறைய கால் செகண்டில் எல்லாம் முடிந்தது. ஒரு மாத்திரை. கண்ணை மூடித் திறப்பதற்குள்.

1,60,000 ஆண்டை 250 மில்லிசெகண்டால் வகுத்தால், ஒரு மில்லிசெகண்டுக்கு 640 ஆண்டு. ராஜேந்திர சோழனிலிருந்து இன்று வரைக்கும் உள்ள காலம் இரண்டு மில்லிசெகண்டுகூட இல்லை.

அதன்பிறகு கல்லுக்கு எல்லாமே அவசரம்தான். சூளைக்குள் 1,450 டிகிரி சூட்டில், சுற்றும் உருளையில் அரை மணி நேரம்போலத்தான் இருக்கும். அரைத்து மூட்டை கட்டினால் எந்த வாரம் கட்டியது என்று மேலே அச்சடிப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் மறுபடி சோதிக்கச் சொல்கிறது விதி. தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அரை மணிக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும். 3, 7, 28 நாளில் பலம் பார்ப்பார்கள். தர நிர்ணய ஏட்டில் அதையும் மணியாக மாற்றி 72, 168, 672 மணி என்றே போட்டிருக்கிறது. கோடி ஆண்டுக் கல்லுக்கு வந்த மூன்று மாதத் தவணையைப் பாருங்கள்!

சிமெண்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாயி வீட்டு ஒட்டுத் திண்ணையும் சிமெண்ட்தான். லாரி ஓட்டுகிறவர், லோடு ஏற்றுகிறவர், டீக்கடை வைத்திருக்கிறவர் என்று எத்தனையோ வீட்டில் அந்தக் கல்தான் உலை வைக்கிறது. பேச்சு அதைப் பற்றி இல்லை.

பி.காம். பாடத்தில் தேய்மானம் என்று ஒரு அத்தியாயம் உண்டு. மெஷினுக்கு நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை. சுரங்கத்துக்குத் தனியாக ஒரு முறை. சுரங்கத்தை வாங்கிய விலையை, அதில் இருக்கும் மொத்த டன்னால் வகுத்து, இந்த வருஷம் எடுத்த டன்னால் பெருக்கு. அதுதான் இந்த வருஷத் தேய்மானம். கணக்கு சரி. பத்து மார்க்கும் கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கில் டன் இருக்கிறது, ரூபாய் இருக்கிறது, கல் உருவாக ஆன காலம் மட்டும் எந்தப் பத்தியிலும் இல்லை. கடல் பில் அனுப்பவில்லை, அதனால் பேரேட்டில் பூஜ்யம். 2015-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி சுரங்கக் குத்தகைக்குக் காலம் 50 ஆண்டு. முதல் கணக்கில் சொன்னால் 50 செகண்ட்.

நாழிகையை மணியாக்கலாம், மணியை நாழிகையாக்கலாம். பட்டியலை மேலிருந்தும் படிக்கலாம், கீழிருந்தும் படிக்கலாம். கல்லை அப்படிப் படிக்க முடியாது. கோடி ஆண்டை மில்லிசெகண்டாக்க ஒரு பட்டன் போதும். மில்லிசெகண்டைக் கோடி ஆண்டாக்க எந்த வாய்ப்பாடும் கிடையாது.

இதற்கு வெடிகூடத் தேவையில்லை. அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஒரு இடம். அங்கே கிடைத்த பிரம்மாண்டமான டைனோசர் எலும்புகளுக்கு 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரர் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர். உலகத்திலேயே மிகப் பெரிய தரைவாழ் பிராணிகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். இருந்திருக்கலாம் என்று இழுப்பதற்குக் காரணம், அந்த எலும்பு இப்போது இல்லை. மழையில் ஊறியும் வெயிலில் வெடித்தும் இருந்த களிமண்ணில் கிடந்தது. எடுத்துப் பத்திரப்படுத்துவதற்குள் உதிர்ந்துபோனது. மிஞ்சியது சில வரைபடங்களும் புகைப்படங்களும்.

ஆண்டுக்கு ஒரு செகண்ட் என்ற கணக்கில் ஏறக்குறைய 7 கோடி ஆண்டு என்பது இரண்டு வருஷம் இரண்டரை மாதம். அவ்வளவு காலம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே வந்து ஒரு செகண்ட் தாங்கவில்லை.

துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பேரன் இதைச் சொன்னான். அப்பாயி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்ப அன்னிக்கே சோத்த வெச்சிருக்கணும்டா. நேரம் இருக்கு இருக்குன்னு ஒக்காந்திருந்தோம் பாரு."

அமாவாசையைச் சொன்னாரா, எலும்பைச் சொன்னாரா என்று பேரன் கேட்கவில்லை.

காரை, சாத்தனூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஓடையில் சுருண்ட கல்லோ சிப்பிக் கல்லோ கண்ணில் பட்டால் போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்லை அங்கேயே விடுங்கள். ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வயசு இருக்கிறது. கிட்டத்தில் பார்த்தே தீர வேண்டும் என்றால் வாரணவாசியில் அரசு புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது, குழந்தைகளையும் கூட்டிப் போகலாம்.

பிறகு வந்த ஒரு அமாவாசைக்கு அந்த வீட்டில் பஞ்சாங்கம் மறுபடி பேரன் கைக்கு வந்தது. 31.15 என்று போட்டிருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, உதயம் பார்த்து, பெருக்கி வகுத்து, "சாயந்தரம் ஆறே முக்கால் வரைக்கும் இருக்கு அப்பாயி" என்றான்.

"இருக்கட்டும்" என்றார் அப்பாயி. பன்னிரண்டு மணிக்கே இலை போட்டாகிவிட்டது. காக்காயும் வந்தது.